ப்ரூனல் பெரியவர் வருகிறார்

சாந்த்-அல்பீன், கியூபெக்
மார்ச் 12

டீச்சரம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் எழுத்தை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள். அதனால் அறிமுகத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். என் பெயர் கிஸ்லேன் தெரியோ. இங்கே ஆற்றங்கரையில் ஒன்பது அறை உள்ள ஒரு விடுதியை நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம்.

மே இரண்டாம் வாரத்துக்கு என் ஒன்பது அறைகளும் நிரம்பிவிட்டன என்று நேற்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து ஒவ்வொருவராக மின்னஞ்சலில் எழுதினார்கள். ஒருவர் நாயோடு வருகிறார். ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது. ஒருத்திக்கு இங்கே வைத்துத்தான் பிறந்தநாள், எலுமிச்சை கேக் வேண்டுமாம். ஒடெத் ப்ரூனல் என்ற பெண் சக்கர நாற்காலியில் இருக்கும் தன் அப்பாவைக் கூட்டிவருவதாக எழுதினாள். வாசலில் ஐந்து படி இருக்கிறதே அம்மா என்றேன். அப்பா ஆற்றைப் பார்க்க ரொம்ப ஆசைப்படுகிறார், ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். அவ்வளவு பதவிசாக எழுதியிருந்தாள். பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். இப்போது பார்த்தால் வளர்த்தது நீங்கள்.

நேற்று அந்தப் பெண் அனுப்பிய மின்னஞ்சலோடு ஒரு தாளும் சேர்ந்து வந்தது. கை தவறி இணைத்துவிட்டாள் போலிருக்கிறது. மேலே உங்கள் பள்ளியின் பெயர், உங்கள் பெயர், பிரெஞ்சு மூன்றாம் ஆண்டு. அதன் கீழே அவளுடைய கடிதம். ஓரத்தில் சிவப்பு எழுத்தில், 'மரியாதைச் சொற்கள் நன்று. அப்பா பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் கற்பனை சேர்க்கலாம். 18/20.' அதற்கும் கீழே நான் அவளுக்கு எழுதிய பதில். அதிலும் சிவப்புக் கோடு. 'கிராமத்துப் பேச்சு. தேர்வில் எழுத வேண்டாம்.'

அந்தப் பதிலை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆயிற்று, டீச்சரம்மா. வயதான மனிதர் வருகிறார், எது எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

வருடா வருடம் பனிவாத்து பார்க்க மே மாதம் எங்களிடம் வரும் கோஷ்டி ஒன்று உண்டு. இந்த முறை இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேறு ஊரில் இடம் பிடித்துவிட்டார்கள். பணம் கிணம் அனுப்பி வைக்காதீர்கள், அதற்காக நான் எழுதவில்லை. இது என்ன விளையாட்டு என்று தெரிந்தாக வேண்டும். சரியான பதில் வராவிட்டால் உங்கள் கல்வி வாரியத்துக்கு எழுதுவேன். அதையும் கிராமத்துப் பேச்சிலேயே எழுதுவேன்.

போன் செய்யுங்கள், எண் மேலே இருக்கிறது. இல்லாவிட்டால் தபாலில் எழுதுங்கள். மின்னஞ்சலில் வருவதில் எது நிஜம், எது வீட்டுப்பாடம் என்று எனக்கு இனிமேல் தெரியாது.

கிஸ்லேன் தெரியோ


பைன் ஹாலோ, விஸ்கான்சின்
மார்ச் 21

மதிப்பிற்குரிய மதாம் தெரியோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு எங்கள் மொழித்துறையின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மொழித்துறை என்பது நானும் ஸ்பானிஷ் ஆசிரியரும் மட்டும்தான். அவர் பகுதி நேரம்.

நடந்ததை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் மாணவர்கள் மொழியைப் பாடமாக மட்டும் படிக்காமல், அதைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் கற்பித்தல் முறை. மூன்றாம் ஆண்டில் 'பயணம்' என்ற செயல்திட்டம் வருகிறது. ஒவ்வொருவரும் ஒரு பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொள்வார்கள். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வார்கள். இணையத்தில் ஒரு விடுதியைத் தேடிப் பிடித்து அறை கேட்டு எழுதுவார்கள். ஒரு சிறப்புத் தேவையைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. கடைசி வரை பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பதும் விதி. கடிதங்கள் என் பயிற்சி முகவரிக்கே வர வேண்டும். விடுதிக்காரராக நானே பதில் எழுதுவது வழக்கம். இந்த ஆண்டு சில மாணவர்கள் நேரடியாகத் தங்களுக்கே எழுதிவிட்டார்கள். தங்கள் விடுதியின் வலைப்பக்கம் நன்றாக இருந்ததால் ஒருவரைப் பார்த்து மற்றவரும் அதையே எடுத்திருக்கிறார்கள்.

ஒன்பது முன்பதிவுகளும் இன்றோடு ரத்து. ஒன்பது பேரும் தங்கள் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஓரக் குறிப்பைப் பற்றி: அது தங்களைக் குறிப்பதல்ல. தேர்வு நடத்தும் அமைப்பு பொதுவழக்கை மட்டுமே ஏற்கும். மாணவர்களை எச்சரிக்க அப்படி எழுதுவேன்.

நேர வித்தியாசம் காரணமாகத் தொலைபேசியில் பேச இயலவில்லை. பொறுத்தருள வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
வெர்னா டோலஃப்சன்


சாந்த்-அல்பீன்
மார்ச் 31

டீச்சரம்மா,

நமக்குள் நேர வித்தியாசம் ஒரு மணி நேரம். நீங்கள் மத்தியானம் சாப்பிடும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒன்பதும் 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு' என்றுதான் ஆரம்பிக்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மன்னிப்புக்கும் மதிப்பெண் உண்டா?

எட்டுக் கடிதங்களை மடித்து வைத்துவிட்டேன். ஒன்பதாவது, ஒடெத் எழுதியது. உண்மைப் பெயர் டெலானி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நீங்கள் கொடுத்த வரிகள் முடிந்தபிறகு கீழே அவளாக நாலு வரி சேர்த்திருக்கிறாள். நிஜ மனிதரிடமிருந்து பதில் வாங்கினால் கூடுதல் மதிப்பெண் என்று டீச்சர் சொன்னார்கள், அதனால்தான் எழுதினேன், நீங்கள் நல்லவராக இருந்ததால் நிறுத்த முடியவில்லை என்கிறாள். ஆக, பிள்ளைகள் தாங்களாகக் கிளம்பவில்லை. நீங்கள்தான் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் முழுக்க எழுதிய விளக்கத்தில் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது உங்களுக்கு.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாரியத்துக்கு எழுதப் போவதில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. அதை உங்கள் தலையில்தான் இறக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் நொர்மானுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பழையபடி இல்லை. வீட்டுக்குள் தடி ஊன்றி நடப்பார். வாசல் படி இறங்க மாட்டார். நான் தாங்கிப் பிடித்தால் இறங்கலாம், ஆனால் பிடிக்க விட மாட்டார். ஒரு சரிவு போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார், மகன் சொன்னான், நானும் சொல்லி அலுத்துவிட்டேன். "எனக்கு எதுக்குடி அதெல்லாம், நான் என்ன முடமா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டு வருடமாக ஜன்னல்தான்.

உங்கள் ஒடெத் தன் அப்பாவைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது அந்தக் கடிதங்களை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கற்பனை சேர்க்கச் சொன்னீர்களே, சேர்த்திருந்தாள். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவராம். உள்நாட்டில் ஏதோ ஒரு ஊர் பெயரும் போட்டிருந்தாள். நொர்மான் முப்பது வருடம் இந்த ஆற்றங்கரைத் தடத்தில் ரயிலில் வேலை பார்த்தவர். அந்த ஊர் பெயரைக் கேட்டதும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் நினைத்துப் பார்த்தேன். "நம்ம ஆளு கிஸ்லேன். வரட்டும். படி ஒரு பெரிய விஷயமா?" என்றார்.

மறுநாளே கொட்டகைக்குப் போனார். பின்வாசல் வழியாகப் போனால் படி கிடையாது, ஆனால் அந்த வழி கொட்டகையோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு லியோபோலைக் கூப்பிட்டுப் பலகை பிடிக்கச் சொல்லி, இடது கையால் ரம்பம் இழுக்கிறார். சாய்தளம் செய்கிறார், டீச்சரம்மா. துண்டு துண்டாகச் செய்து வைத்துக்கொண்டு, பனி கரைந்ததும் வாசலில் பொருத்தப் போகிறாராம். சாப்பாட்டு மேஜையில் ப்ரூனல் பெரியவரைத் தவிர வேறு பேச்சில்லை. கீழ்த்தள அறைதான் அவருக்கு, கட்டிலை ஆற்றைப் பார்க்கத் திருப்பிப் போட வேண்டும். போனவாரம் நான் திரைச்சீலையை மாற்றினேன். அது நன்றாக இல்லை என்று என்னோடு சண்டை போட்டார்.

அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை போனால் திரும்பி வர மாட்டார். எனக்கு அந்த பயம்தான்.

மே ஒன்பதாம் தேதி வருவதாக உங்கள் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். இல்லாத மனிதரை நீங்கள்தான் அனுப்பினீர்கள். வராமல் செய்வது எப்படி என்று நீங்களே சொல்லுங்கள்.

கிஸ்லேன்


பைன் ஹாலோ
ஏப்ரல் 9

மதாம் தெரியோ அவர்களுக்கு,

ஆம். மன்னிப்புக் கடிதத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டேன். இருபத்துநாலு வருடப் பழக்கம். தாளைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு ஒன்பது பேரின் அந்த மதிப்பெண்களையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாணவர்களின் பெற்றோர் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

கூடுதல் மதிப்பெண் விஷயமும் உண்மை. போன கோடையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே நிஜ மனிதர் ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் மனம் வைத்துப் பேசுவார்கள் என்று அங்கே சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். என் மாணவர்கள் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. அந்த நிஜ மனிதருக்கு அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், பிறகு அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் வாரியத்துக்கு எழுதவில்லை என்றாலும் தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அடுத்த வருஷத்துலேருந்து மொழி கத்துக்கற போன் ஆப்புல இருக்கற ஓட்டல்காரருக்கே எழுதட்டும் வெர்னா. அது மெஷின். யாருக்காகவும் கேக் செய்யாது" என்றார். அத்துடன் முடிந்தது.

உங்கள் கேள்வியை வகுப்பில் வைத்தேன். வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. ஒன்பது பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் ஒருவன், "பெரியவர் செத்துப்போய்ட்டார்னு எழுதிடலாம் மிஸ். இரங்கல் கடிதம் எப்படி எழுதறதுன்னும் கத்துக்கலாம்" என்றான். இன்னொருத்தி, அது கொடூரம், வேண்டுமானால் அவருக்குத் தெற்கே வேறு மகள் வீட்டுக்குப் போக ஆசை வந்துவிட்டது என்று எழுதலாம் என்றாள். மணி அடித்தபிறகு டெலானி என் மேஜைக்கு வந்து, "அவரைச் சாகடிக்காதீங்க மிஸ். எனக்கு அப்பா கிடையாது. ரெண்டு மாசமா யோசிச்சு யோசிச்சு இவரை உண்டாக்கினேன்" என்றாள். பஸ் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குத் தோன்றும் ஒரே நாகரிகமான வழி, பெரியவருக்கு உடல்நலம் சரியில்லை என்று வகுப்பின் சார்பில் ஒரு கடிதம். நீங்கள் சரி என்றால் எழுதச் சொல்கிறேன். மதிப்பெண் கிடையாது.

இன்னொன்று. நேர வித்தியாசம் என்று சொன்னது சாக்கு. போனில் உங்கள் பக்கத்துப் பேச்சு எனக்குப் புரியாது. நான் பிரெஞ்சு கற்றது கல்லூரியில், பிறகு பிரான்சில் லியோன் நகரத்தில் ஆறு வாரம். உங்கள் ஊர் வீடியோக்களை வகுப்பில் போடும்போது கீழே எழுத்து ஓடினால்தான் எனக்கே விளங்கும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. இருபத்துநாலு வருடமாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கிராமத்துப் பேச்சு என்று ஓரத்தில் எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது, எனக்குப் புரியவில்லை என்று எழுதுவது கஷ்டமாக இருந்தது.

வெர்னா டோலஃப்சன்


சாந்த்-அல்பீன்
ஏப்ரல் 18

வெர்னா டீச்சருக்கு,

என் வீட்டில் தங்க வருகிற யாரும் மதிப்பெண்ணுக்காகச் சாகவும் கூடாது, சீக்கில் விழவும் கூடாது. அந்தப் பையனிடம் சொல்லுங்கள். டெலானியிடம் வேறு மாதிரி சொல்லுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் டீச்சர்.

பனி கரைந்துவிட்டது. ஆற்று விளிம்பில் மட்டும் அழுக்காகக் கொஞ்சம் கிடக்கிறது. பனிவாத்துகள் வந்திறங்கிவிட்டன, காதைத் துளைக்கிற சத்தம். செவ்வாய்க்கிழமை சாய்தளத்தை வாசலில் பொருத்தினார்கள். லியோபோல் ஆணி அடித்தார், இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டினார். "நேரா அடிய்யா. ஸ்டேஷன் மாஸ்டர் வர்ற வழி." நல்ல வேலை. இரண்டு பக்கமும் வழவழவென்று இழைத்த கைப்பிடி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவர் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. வாசல்வரை தடி ஊன்றி வந்து நின்று பார்க்கிறார். "நீங்க ஒரு தடவை இறங்கிப் பாருங்களேன்" என்றேன். "அது விருந்தாளிக்கு" என்றார்.

எத்தனையோ தடவை சொல்லிவிட வேண்டும் என்று போய் நின்றுவிட்டேன். அவர் காப்பிக் கோப்பையை நீட்டுகிறார், நான் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு மேலாகச் சமையலறையில் ஒரு பொய்யைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவேன். அவர் தனியாக இருப்பார், போனை அவர்தான் எடுப்பார். உங்கள் ஊரில் அப்போது ஒன்பது மணி, கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். என் பாட்டன் காலத்திலிருந்து எங்களிடம் அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மொன்றியாலுக்குப் போனால் என் மகனின் சம்பந்தி வீட்டாரே கேட்கிறார்கள். யாரும் செத்துப்போகவில்லை.

உடைத்துச் சொல்லாதீர்கள். பார்த்துப் பதமாகச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே மீதியைப் பார்த்துக்கொள்கிறேன், பார்க்க முடிந்தால்.

கிஸ்லேன்


பைன் ஹாலோ
ஏப்ரல் 27

அன்புள்ள கிஸ்லேன்,

நேற்று போன் செய்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, எண்ணை அழுத்தினேன். என் மாணவர்கள் பேச்சுத் தேர்வுக்கு முன் அப்படித்தான் செய்வார்கள். கூடாது என்று அவர்களை நான் திட்டுவேன்.

அவர் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் ஏதோ சொன்னார், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மன்னிக்க வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தடவை என்றேன். மூன்றாம் தடவை குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கிஸ்லேன் வீட்ல இல்ல, பூசைக்குப் போயிருக்கா" என்பதுதான் அது.

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். ப்ரூனல் என்று யாரும் இல்லை, அது என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதிய பாத்திரம், தவறு என்னுடையது, அவளுடையது அல்ல. கடைசி வரை நிறுத்தாமல் படித்துவிட்டேன். அந்தப் பக்கம் வாத்துகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் சொன்னார். இதைத் துண்டு துண்டாகத்தான் புரிந்துகொண்டேன், பலதடவை திரும்பக் கேட்டேன், ஆனால் சரியாகத்தான் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

"தெரியும்மா. ஜனவரிலேயே தெரியும். அந்தப் பொண்ணு எழுதின ஊர்ல ரயிலே கிடையாது. அங்க எப்படி ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பாரு? யாரோ சின்னப் பிள்ளைங்க வெளையாடுதுன்னு சிரிச்சேன்."

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாதே. அவ நெசம்னு நம்பிக்கிட்டு இருக்கா. ரெண்டு வருஷமா அவ கண்ணு என் மேலதான். நான் இருமினா ஓடி வருவா, நான் எந்திரிச்சா அவளும் எந்திரிப்பா. பால் பொங்கிடுமோன்னு அடுப்புப் பக்கத்துல நிக்கற மாதிரி நிக்கறா. இந்தக் கிழவர் வர்றார்னதும்தான் திரைச்சீலை, கேக்குன்னு அலையறா. பழைய மாதிரி என்கிட்ட சண்டை போடறா. அதை நான் போய்க் கெடுக்கவா? நீங்களும் சொல்லிடாதீங்க."

உங்களுக்கு எப்போதோ தெரியும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, அதற்கான வார்த்தைகள் தாளில் இல்லை. வீட்டில் ஒரே பொய்யை இருவரும் ஒருவருக்காக ஒருவர் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சொல்லாதே என்றார். நானோ இந்தப் பொய்யை ஜனவரியில் அவிழ்த்துவிட்டவள், அதன் மேல் இன்னொன்றை அடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதிவிட்டேன். என்னை இருவருமே திட்டலாம்.

போனை வைப்பதற்குமுன் இன்னொன்றும் சொன்னார். அதை மட்டும் என்னால் உறுதியாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. "அந்தச் சரிவை அவ இன்னும் அளந்து பாக்கல" என்பதுபோல் கேட்டது. சிரித்தார். உங்களுக்கு அது புரியலாம்.

வெர்னா


சாந்த்-அல்பீன்
மே 11

வெர்னாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். நான் மருந்தகத்துக்குப் போய் அங்கே இரவல் கொடுக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிவந்தேன். வாசலில் கொண்டுபோய் சாய்தளத்தில் இறக்கினேன். இறங்கவில்லை. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். நாலு விரல் அகலம் பற்றாது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத்தான் போட்டிருக்கிறார். கைப்பிடி அவர் இடுப்பு உயரம். உட்கார்ந்து வருகிறவருக்கு அது எட்டவே எட்டாது. வேலி ஓரத்தில் நின்றிருந்த லியோபோல் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கோழிக்கூண்டுப் பக்கம் நின்று நன்றாக அழுதேன். பிறகு போய்ப் பட்டாணி ஊறப் போட்டேன்.

ஒன்பதாம் தேதி வந்தது. கீழ்த்தள அறையில் புது விரிப்பு போட்டேன், கட்டில் ஆற்றைப் பார்த்தபடிதான் இருக்கிறது. மூன்று மணிக்கெல்லாம் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, ரயில்வேயில் கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். நான் நீலக் கவுன். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு, வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு மனிதருக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நாலு மணி ஆயிற்று.

"வண்டி லேட்டு போலிருக்கு" என்றார்.

"ரோடு மோசமா இருக்கும்" என்றேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் நேரத்துக்கு வர வேணாமா?"

"வயசானவர். வழியில நிறுத்தி நிறுத்தித்தானே வரணும்."

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார்.

என் கால் தானாக எழப்பார்த்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "போய்ட்டு வாங்க. வந்தார்னா சூப் சூடா இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

தடியை என்னிடம் கொடுத்தார். இடது கையால் ஒரு பக்கம் பிடித்தார். வலது கையைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். விரல் மடங்கவில்லை, கைப்பிடியின் மேல் இழுபட்டபடி போயிற்று. நடந்தார். கீழே போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். இரண்டு வருடத்தில் அவர் தெருவில் நிற்பது அதுதான் முதல் தடவை. பனிவாத்து கோஷ்டி இந்த முறை வேறு ஊரில் தங்கினாலும் மரியாதைக்கு எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அவரைக் கேட்டில் கண்டதும் காரை நிறுத்திவிட்டார்கள். "யாருக்கு வெயிட் பண்றீங்க நொர்மான்?" என்று கேட்டார்கள். "ஒரு சிநேகிதர் வரணும்" என்றார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் மேலே வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. "இன்னைக்கு வரலை" என்றார். "நாளைக்கும் பாக்கலாம்" என்றேன். நேற்றும் நாலு மணிக்குப் போனார். இன்றும் போயிருக்கிறார், இதை எழுதும்போது கேட்டில்தான் நிற்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குச் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசிக்கலாம். நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளிடம், எனக்குப் புரியவில்லை என்று சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேலை ஆக வேண்டும். டெலானியை ஒடெத் பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவுக்கு லேசான சளி, பயணம் தள்ளிப்போகிறது, கட்டாயம் வருவோம், தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்று எழுதட்டும். அவர் உட்கார்ந்து வாசிக்கட்டும். பெரிய கற்பனை ஒன்றும் வேண்டாம். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கிஸ்லேன்